சுவரில் ஒரு தையற்காரி, தரையில் ஒரு தையற்காரி

டாக்டர் ஜம்புநாதன் அந்தப் படத்தை லண்டனில் வாங்கினார். கண் மருத்துவர்களின் மாநாட்டுக்குப் போயிருந்தபோது மழைக்காக ஒரு பழைய படக்கடையில் ஒதுங்கியிருக்கிறார். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்த அச்சுப்படம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியப்போகிற சமயத்தில் அச்சானது. ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடி நிறைய ஆண்களின் வெள்ளைச் சட்டைகள். காஜா எடுத்துக்கொண்டிருக்கிறாள். வெளியே புகைக்கூண்டுகள். படத்தின் கீழே பென்சிலால், நகரத்துத் தையற்காரி என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. வரைந்தவரின் கையெழுத்து பாதி அழிந்துவிட்டது. வரையப்பட்டவளின் பெயரை யாரும் எழுதிவைக்கவே இல்லை.

அந்த நாளில் இப்படிப்பட்ட படங்கள் நன்றாக விற்றன. சட்டை தைத்துக் கொடுத்தவளைப் பின்வாசலோடு அனுப்பிய வீடுகள், அவள் படத்தைக் கணப்படுப்புக்கு மேலே மாட்டிவைத்தன. பசித்தவள் பக்கத்தில் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

டெக்ஸஸில், ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில் இருக்கும் டாக்டரின் வீட்டில், சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச்சுவரில் அந்தப் படம் தொங்கியது. அதற்கு நேர் கீழே, தரையில் துணி விரித்து, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு உட்காரும் இன்னொரு தையற்காரி இருந்தாள். அவளுக்குப் பெயர் உண்டு. தாஜ் நிஷா.

சென்னை மண்ணடியில் குடை ரிப்பேர் கடைக்காரரின் மூத்த மகள். எட்டாவது படிக்கும்போது வயதுக்கு வந்தாள், பள்ளிக்கூடம் நின்றது. வயதுக்கு வருவதற்கும் அல்ஜீப்ராவுக்கும் என்ன பகை என்று அந்த வீட்டில் கேட்க ஆள் இல்லை. இந்தக் கேள்வி எழாத வீடுகள் எல்லா மதத்திலும் உண்டு. பக்கத்துத் தெருத் தையல் வகுப்புக்கு மட்டும் அனுப்பினார்கள். பிறகு குத்புதீனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருடைய அண்ணன் ஹூஸ்டனிலிருந்து குடியேற்ற மனுப் போட்டார். அழைப்பு வருவதற்குள் குத்புதீனுக்குத் தலை நரைத்துவிட்டது. மகள் பஸீலா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது மூன்று பேரும் வந்து இறங்கினார்கள்.

ஹில்கிராஃப்ட் அவென்யூவில், இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதியில், ஒரு இறைச்சிக் கடையில் குத்புதீன் ஆடு வெட்டுகிறார். கடைக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. கூடத்தில் சோபா இருக்கவேண்டிய இடத்தில் தையல் மெஷின்.

சென்னையிலிருந்து தைத்து வரும் ரவிக்கைகள் இங்கே வந்து சேர்வதற்குள் போடுகிறவர்கள் பெருத்துவிடுவார்கள், அல்லது பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். தையல் பிரித்து விட்டுக்கொடுப்பதுதான் தாஜ் நிஷாவின் முக்கிய வேலை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். யாருடைய உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். “துணி சுருங்கிடுச்சும்மா, நீ அப்படியேதான் இருக்கே” என்பாள். அந்தப் பொய்க்காகவே அவளைத் தேடி மூன்று ஊரிலிருந்து கூப்பிட்டார்கள்.

மார்ச் மாதம் வந்தால் ஹூஸ்டனில் ஓக் மரங்களின் மகரந்தம் காரின் மேல் மஞ்சள் மாவாகப் படியும். வந்த இரண்டாம் வருஷத்திலிருந்து அவளுக்குக் கண் அரிக்கத் தொடங்கியது. சிவந்து, நீர் வடிந்து, ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது. டாக்டரிடம் போகவில்லை. ஒருமுறை கடையில் குத்புதீனுக்கு விரல் வெட்டுப்பட்டு அவசரப் பிரிவுக்குப் போய்வந்தார்கள். அந்த பில் அவர்களைத் துரத்திய துரத்தலில், ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும். காப்பீடு தராத கடையில் வேலை பார்ப்பவனின் மனைவிக்கு நோய் வரக்கூடாது என்பது இந்த நாட்டில் எழுதாத சட்டம். நிலவில் கால் வைத்த தேசம் ஆட்டிறைச்சி வெட்டுகிறவனின் வீட்டுக்கு ஒரு மருத்துவரை அனுப்ப முடியாமல் நிற்கிறது. இதைச் சொன்னால் அரசியல் பேசாதே என்கிறார்கள்.

அவளுக்கு வழி காட்டியவள் டாக்டரின் மனைவி பிரீத்தி. கெட்டவள் அல்ல. இதைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நடந்ததைக் கெட்டவர்களின் தலையில் கட்டித் தப்பித்துக்கொள்வது நமக்கு எளிது.

“சென்னை போறேன் தாஜ் அக்கா. உங்களுக்கு என்ன வேணும்? சும்மா சொல்லுங்க.”

“ஒண்ணும் வேணாம்மா. இந்தக் கண்ணு அரிப்புக்குத்தான் ஏதாச்சும்…”

“அவ்ளோதானே? அங்க ஃபார்மஸில கேட்டா டக்குனு குடுத்துடுவான். இங்க மாதிரி ப்ரிஸ்கிரிப்ஷன், அது இதுன்னு உயிர எடுக்க மாட்டான்.”

மருந்துக்கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டே நாளில் சிவப்பு போயிற்று, அரிப்பு போயிற்று. தாஜ் நிஷா பிரீத்தியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதிலிருந்து, சென்னை போகும் ஒவ்வொரு முறையும் பிரீத்தியின் பெட்டியில் ஊறுகாய்க்கும் பட்டுப்புடவைக்கும் நடுவே அந்தச் சின்னக் குப்பிகள் வந்தன. பிரீத்தி போகாத வருஷம் வேறொரு வாடிக்கையாளர் வாங்கிவந்தார். காய்ச்சல் மாத்திரையிலிருந்து சர்க்கரை மாத்திரை வரை பெட்டியில் வருவது நம்மவர்களின் வழக்கம். சுங்கத்தில் பிடிபடாமல் கொண்டுவந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். குப்பியில் என்ன இருக்கிறது என்று படிப்பது மட்டும் வழக்கத்தில் இல்லை.

அதில் ஸ்டீராய்டு இருந்தது. சில நாளைக்கு மேல், மருத்துவர் பார்வையில் இல்லாமல் போடக்கூடாத மருந்து. தாஜ் நிஷா வருஷக்கணக்காகப் போட்டாள். வெளியே கண் வெள்ளையாகவே இருந்தது. உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வந்தது. வலி இல்லை. வலித்திருந்தால் ஒருவேளை கண் பிழைத்திருக்கும்.

பிரீத்தியின் மகள் மாளவிகாவுக்கு அரங்கேற்றம் நிச்சயமான வருஷம் அது. சென்னையில் தைத்து வந்த நாட்டிய உடைகள் எதுவும் பிள்ளைக்குப் பொருந்தவில்லை. ஒரு ஞாயிறு மதியம், விருந்துக்கு ஆட்கள் வந்திருந்த நேரத்தில், தாஜ் நிஷா தரையில் உட்கார்ந்து மாளவிகாவின் உடையில் விசிறி மடிப்புகளைக் குண்டூசியால் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் விருந்தாளிகளைப் படத்தின் முன்னால் நிறுத்தினார்.

“அப்பா, நாட் தி லெக்சர் அகெய்ன்” என்றாள் மாளவிகா.

“நீ சும்மா நில்லு. பாருங்க சார், இவ ஊசிய நேரா பாக்கல. தலைய மொத்தமா திருப்பி வச்சிருக்கா. சைடு விஷன் போச்சு. ஆர்ட்டிஸ்ட்டுக்குக் காரணம் தெரியாது, ஆனா பாத்தத அப்படியே போட்டிருக்கான். என்னக் கேட்டா, கிளாக்கோமா. கண்ணுக்குள்ள பிரஷர்.”

“நூறு வருஷம் முன்னாடி செத்தவளுக்கு டயக்னாசிஸா டாக்டர்!” என்றார் ஒரு விருந்தாளி.

“அன்னிக்கி எவன் பாத்தான் இவள? இன்னிக்கி என் கிளினிக்குக்கு வந்திருந்தா கண்ணக் காப்பாத்தியிருப்பேன்.”

“எங்க காப்பாத்தறது? உங்க ஃப்ரண்ட் டெஸ்க்ல மொதல்ல இன்ஷூரன்ஸ் கார்ட் கேப்பாங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார்.

“ஆவ்! ஆன்ட்டி!” மாளவிகா காலை உதறினாள்.

“ஐயோ கண்ணு, குத்திடுச்சா? எங்க, காட்டு.” தாஜ் நிஷா தலையை முழுக்கத் திருப்பிப் பிள்ளையின் காலைத் தேடினாள். அந்தத் திருப்பலைப் பார்க்க நிபுணர் ஒருவர் நாலடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவள் சமையலறைக்குப் போனாள். பிரீத்தி அவளுக்குக் காபி ஊற்றினாள். மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை. தாஜ் நிஷாவுக்கு எப்போதும் காகிதக் கோப்பை. ஏன் என்று அவளும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. கடல் கடந்தாலும் சில அழுக்குகள் கப்பலிலேயே தங்கிவிடுவதில்லை.

“பிரீத்திம்மா, சார் ஒரு வாட்டி என் கண்ணப் பாப்பாரா? ஓரமெல்லாம் பனி எறங்கினாப்ல இருக்கு.”

“அந்த மஞ்சத் தூளு, ஓக் மர பாலன், இந்த வருஷம் ரொம்ப மோசம்க்கா. எனக்கே எரியுது.”

“இல்லம்மா, இது வேற மாதிரி…”

“அவர் வீட்ல யாரையும் பாக்க மாட்டார். எங்கம்மாவையே கிளினிக்குக்குத்தான் வரச் சொன்னார். ஏதாச்சும் ஆச்சுன்னா கேஸ் போடுவாங்க, லயபிலிட்டி இருக்குல்ல? நான் அவர்கிட்ட கேட்டு வெக்கறேன், சரியா? அதுக்குள்ள இத போடுங்க, போன வாரம்தான் வந்தது.”

அலமாரியிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்துக் கொடுத்தாள். கணவரிடம் கேட்கவில்லை. மேடை அலங்காரம், சாப்பாட்டுக்காரர், வயலின்காரரின் விமானச் சீட்டு என்று ஆயிரம் இருந்தன; மறந்துவிட்டாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பேர்லேண்டிலேயே இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போனபோது தாஜ் நிஷாவின் பெயரைச் சொல்லி வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினாள். அது மறக்கவில்லை. குத்புதீன் தன் பங்குக்கு ஹில்கிராஃப்டில் ஒருவரிடம் ஓதி வாங்கிய தண்ணீரைக் கொண்டுவந்து கண்ணைக் கழுவச் சொன்னார். இரண்டு கடவுள்களிடமும் மனுப் போயிற்று. ஒரே கூரையின் கீழ் இருந்த கண் மருத்துவரிடம் போகவில்லை.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். உடைக்கு அளவு பார்த்து முடித்துவிட்டு தாஜ் நிஷா காரைப் பின்னால் எடுத்தாள். இடது பக்கம் மாளவிகா குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். கார் தொட்டியை இடித்துத் தள்ளிற்று. பிள்ளை துள்ளிக் குதித்துப் புல்லில் விழுந்தாள். அலறல் கேட்டு டாக்டர் வெறுங்காலோடு ஓடிவந்தார்.

“கண்ணு தெரியலையா உங்களுக்கு? இவ்ளோ பெரிய பொண்ணு நிக்கறா!”

“அல்லாவே! கண்ணு, அடிபட்டுச்சா? நான் பாத்தேன் சார், கண்ணாடில பாத்தேன், யாருமே இல்ல…”

“ஐம் ஓகே, அப்பா. ஐம் ஓகே. டோன்ட் யெல் அட் ஹர்.”

தாஜ் நிஷா காரிலிருந்து இறங்கினாள். மாளவிகாவைப் பார்க்க முகத்தை முழுதாகத் திருப்பினாள். டாக்டரைப் பார்க்க மறுபடியும் முழுதாகத் திருப்பினாள். அவர் அடுத்த அதட்டலுக்கு வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்றார். பிறகு அவள் முன்னால் வந்து நின்று குரலை இறக்கினார்.

“ஒரு கண்ண மூடுங்க. என் மூக்கையே பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க. இப்ப எத்தன விரல்?”

“எங்க சார்? விரலே காட்டலியே.”

கையை உள்ளே கொண்டுவந்தார். இன்னும் உள்ளே. அவருடைய காதை ஒட்டி வந்தபோதுதான் “ரெண்டு” என்றாள். மற்றக் கண்ணுக்கு மூக்குக்கு முன்னால் கொண்டுவந்தும் நிழல்தான் தெரிந்தது.

“எத்தன நாளா இப்படி?”

“தெரியல சார். அலர்ஜின்னுதான்…”

“கண்ணுக்கு என்ன மருந்து போடறீங்க?”

கைப்பையிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினாள். டாக்டர் பொடி எழுத்தைப் படித்தார்.

“இது யார் குடுத்தா?”

“பிரீத்திம்மாதான். அவங்க புண்ணியத்துலதான் சார் இத்தன வருஷம் ஊசி புடிச்சேன்.”

பிரீத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் போனதும் கணவனும் மனைவியும் பேசியது மாளவிகாவின் காதில் விழுந்தது.

“நம்ம பெட்டில வந்திருக்கு. நான்தான் ஏர்போர்ட்ல தூக்கிட்டு வந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டியா?”

“நல்லதுக்குத்தானே வாங்கிக் குடுத்தேன்? விஷம்னு தெரிஞ்சா குடுப்பேன்? நீங்க ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவங்க மூஞ்சியப் பாத்துப் பேசியிருக்கீங்களா? சுவத்துல இருக்கறவளுக்கு மட்டும் எல்லாம் தெரியுது!”

கொடுத்தவள் படிக்கவில்லை, படித்தவர் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் நல்ல மனசு. நியாயம் இல்லாத இடத்தில் நல்ல மனசு செய்கிற வேலை இதுதான். உரிமையாகக் கிடைக்கவேண்டிய மருத்துவத்தை அன்பளிப்பாக, குப்பியில் அடைத்துக் கொடுக்கும்.

திங்கட்கிழமை தன் கிளினிக்கில் அவர் எல்லாச் சோதனையும் செய்தார். முன்மேஜையில் கார்டு கேட்கவேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார். முடிவைச் சொல்லும்போது குத்புதீனும் பஸீலாவும் இருந்தார்கள். இறைச்சிக் கடையின் ஏப்ரனைக் கழற்றாமலே வந்திருந்தார் குத்புதீன்.

“இடது கண்ணு போயிடுச்சும்மா. வலது கண்ணுல நடுவுல கொஞ்சம் இருக்கு. ஒரு ஸ்ட்ரா வழியா பாக்கற மாதிரி. ஆபரேஷன் பண்ணா அத நிறுத்தி வைக்கலாம்.”

“போனது திரும்பி வருமா சார்?”

“வராது.”

“ஒரு சொட்டு கூடவா?”

“நரம்பு செத்துடுச்சும்மா. செத்தது வராது. இந்த மருந்தாலதான். இத இனிமே தொடக்கூடாது.”

அவள் கைப்பையிலிருந்த இன்னொரு குப்பியையும் எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு, “அரங்கேற்ற வேல பாதில நிக்குது சார். அத முடிச்சுட்டு வந்துர்றேன், அப்புறம் பண்ணலாம்” என்றாள்.

“இந்த வாரமே பண்ணணும். காரும் ஓட்டக்கூடாது.”

“காரு இல்லாம இந்த ஊர்ல என்ன சார் பண்றது?” என்று கேட்டார் குத்புதீன். பேர்லேண்டுக்கு பஸ் இல்லை. கார் இல்லாதவன் இந்த ஊரில் மனிதக் கணக்கிலேயே வரமாட்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸீலா ஓட்டினாள். ஃப்ரீவேயில் ஏறும் வரை பொறுத்திருந்தாள்.

“ஏம்மா அவங்க பேர அங்க சொல்லல? டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். யுவர் வைஃப் டிட் திஸ்னு.”

“அவருக்குத் தெரியும்டி. நான்தான் கேட்டு வாங்கிக்கிட்டேன்.”

“நீ கேட்டது கண்ணுக்கு மருந்து. நீ ஏன் எல்லாத்துக்கும் நான்தான் நான்தான்னு சொல்றே? ஹௌ இஸ் திஸ் யுவர் ஃபால்ட்?”

“கத்தாத. ரோட்டப் பாத்து ஓட்டு. நாலு வீட்ல அவங்க சொல்லித்தான் நமக்கு வேல வருது.”

“எந்த வேலம்மா? எந்தக் கண்ண வச்சு?”

அடிபட்டவர்களே பழியையும் சேர்த்துச் சுமக்கும்படி நாம் எவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறோம்! அந்த வாரமே பஸீலா கல்லூரியில் அந்தப் பருவத்துப் படிப்பை விட்டுவிட்டாள். அம்மாவை அழைத்துப்போக ஆள் வேண்டும். தாய்க்கு எட்டாம் வகுப்போடு நின்றது. மகளுக்கு இரண்டாம் ஆண்டோடு. இதைத்தான் முன்னேற்றம் என்று விழா மேடைகளில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

அறுவை சிகிச்சையை டாக்டர் தன் கையாலேயே செய்தார். மறுநாள் காலை கட்டைப் பிரிக்கும் அறையில் எல்லோரும் இருந்தார்கள். பஸீலா இடது பக்கம் சுவரை ஒட்டி நின்றாள். குத்புதீன் அவளுக்குப் பக்கத்தில், தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. பிரீத்தி வலது பக்கம் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். உள்ளே வந்ததிலிருந்து அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. பஸீலாவின் முகத்தைப் பார்த்த பிறகு பேச்சு வரவில்லை.

டாக்டர் கண்ணின் மேலிருந்த மூடியை எடுத்தார். ஈரப் பஞ்சால் இமையைத் துடைத்தார்.

“மெதுவாத் தெறங்க. என்ன மட்டும் பாருங்க. தலையத் திருப்பக்கூடாது. தெரியுதா?”

“மங்கலாத் தெரியுது சார். உங்க கண்ணாடி தெரியுது. மீச தெரியுது.”

“குட். ரொம்ப நல்லா வந்திருக்கு. இருக்கறத நிறுத்தியாச்சு.”

தாஜ் நிஷா சிரித்தாள். தலையைத் திருப்பக்கூடாது என்றதால் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, எதிரில் இருந்த டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் வெளிய போயிட்டாங்களா சார்?”

டாக்டரின் கையில் பஞ்சு அப்படியே நின்றது.

“இங்கதான் இருக்கேன் தாஜு” என்றார் குத்புதீன்.

“நானும்தாம்மா” என்றாள் பஸீலா.

“அதானே, சத்தமே இல்லயேன்னு பாத்தேன்.” அவள் கையை நீட்டித் துழாவி மகளின் விரலைப் பிடித்துக்கொண்டாள். “பிரீத்திம்மா வர்றேன்னு சொன்னாங்களே, வரலியா?”

ஒரு முழம் தள்ளி நின்ற பிரீத்தி ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். பஸீலா அவளை நேராகப் பார்த்தாள்.

“இல்லம்மா. அவங்க வரல.”